மணல்மேட்டில் எஞ்சின் வேண்டாம்

மகனே,

நீ திருப்பதியில் சுகமாக இருக்கிறாய் என்பதை பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, கோபமும் அப்படியே இருக்கிறது. ஆடி மாதம் வந்தபோது தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்து போனாய். அம்மா மேல் கோபித்துக்கொள், வேண்டாம் என்று யார் சொன்னது, சோற்றின் மேல் என்ன கோபம் என்று அன்றைக்கு முழுக்கத் திட்டிக்கொண்டே இருந்தேன். கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. எதிரில் உட்கார்ந்து பேசினால் பாதியில் எழுந்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். வாத்தியார் வீட்டுப் பெண் என்று இந்த ஊரில் என்னைக் கேலி செய்த காலம் உண்டு. அந்தப் படிப்பு இன்றைக்காவது உதவட்டும். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது. வெதுருகுப்பத்தில் உனக்குப் பெண் கொடுக்கப் போகிறவருக்கும் படித்துக் காட்டு. அவருக்குத் தமிழ் புரியும். புரியாத இடத்தில் நீ தெலுங்கில் சொல்லிக்கொள்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வாட்ச், சைக்கிள் என்று கொடுக்கிற ஊரில் உன் மாமனார் ஆயில் எஞ்சின் கொடுக்கிறேன் என்கிறார். தன் பெண் போகிற வீட்டில் தண்ணீருக்குக் கஷ்டம் இருக்கக்கூடாது என்று ஒரு தகப்பன் நினைத்தால் அதில் தப்பு கண்டுபிடிக்க நான் யார். நீ அந்த எஞ்சினைக் கொண்டுவந்து மணல்மேட்டில் உன் நைனா வெட்டிய கிணற்றில் இறக்கி, திருப்பதி வேலையை விட்டுவிட்டு, வருடம் முழுக்க நெல் வைப்பேன் என்கிறாய். நான் வேண்டாம் என்கிறேன். கொடுக்கிறதை வேண்டாம் என்றால் அவருக்கு அவமானம், கல்யாணமே நின்றாலும் நிற்கும் என்று சொன்னாய். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். ஏன் என்பதை நீ ஒரு தடவைகூட முழுதாகக் கேட்கவில்லை.

இந்த ஊருக்கு நான் மருமகளாக வந்தது ஐப்பசி அடைமழையில். வந்த மறுநாள் பின்வாசலில் நின்று ஏரியைப் பார்த்தேன். அத்தனை மழையிலும் உள்ளே தண்ணீர் இல்லை, மண் வெறுமனே நனைந்து கிடந்தது. நான் பிறந்த ஊரில் மழை பெய்த அன்றே கால்வாயெல்லாம் செம்மண் கலங்கலாக ஓடிவந்து ஏரியில் விழும். இங்கே தண்ணீர் வருகிற வரத்துக்கால் எங்கே என்று கரை முழுக்கச் சுற்றிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. தண்ணீர் இல்லாத ஊரில் அப்பா என்னைத் தள்ளிவிட்டாரே என்று உட்கார்ந்து அழுதேன். உன் நைனாவுக்கு ஒரே சிரிப்பு. "இன்னாத்துக்கு அழுவுறே? நம்ம ஏரிக்கு மேல இருந்து வராது, கீழ இருந்து வரும். மழை நிக்கட்டும், பாத்துக்கினே இரு" என்றார். புதுப்பெண்ணை ஏமாற்றுகிறார் என்று நினைத்து அன்றைக்கு அவரோடு பேசவே இல்லை.

மழை நின்றது. கார்த்திகை தீபமும் போனது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத மார்கழியில் ஏரி வந்தது. முதலில் பள்ளமான இடத்தில் மண் கறுத்தது, காலை வைத்தால் பொதபொதவென்று உள்ளே போனது. பிறகு அங்கங்கே கைக்குழந்தையின் உச்சி துடிப்பதுபோல மணல் துடித்தது. அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் கசிந்து கசிந்து மேலே ஏறியது. கலங்கல் இல்லை, சத்தம் இல்லை. நாளுக்கு நாள் அகலமாகி, தை பிறக்கும்போது பாதிக் கரை வரை நின்றது. நான் தினமும் வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். எனக்கு இந்த ஊர் பிடித்துப் போனது அந்த ஏரியால்தான், உன் நைனாவால் இல்லை. இதை அவரிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றால் வடக்கே இருக்கிற மணல்மேட்டிலிருந்து. எந்தக் காலத்திலோ ஒரு ஆறு போட்டுவிட்டுப் போன மணல் என்பார்கள். பெய்கிற மழையை ஓடவிடாமல் அப்படியே வாங்கிக்கொள்ளும். அடியில் களிமண் இருப்பதால் தண்ணீர் அதற்குக் கீழே போக வழியில்லை. சரிவு பார்த்து மெள்ள மெள்ள நகர்ந்து, பல வாரம் கழித்து ஏரிப் பள்ளத்தில் ஊற்றாக வெளியே வரும். அந்த ஊற்றை நம்பித்தான் கரைக்குக் கீழே நஞ்சை. நிலம் இல்லாத குடும்பங்களுக்கோ ஏரியே நிலம். தண்ணீர் நிற்கும்போது மீன், வடியும்போது கோரை, வற்றிய பிறகு அந்த ஈரத்திலேயே வெள்ளரிக்காய். வருடத்தில் பாதி நாள்கூட நிற்காத ஏரிதான், ஆனாலும் அதை வைத்து ஊர் முழுக்கச் சாப்பிட்டது.

மேட்டைக் காப்பாற்ற ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மேட்டின் நடுவில் கன்னிமார் ஏழு பேருக்கு ஏழு கற்கள். நமக்குக் கன்னிமார், மேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்கு ஊருக்கு அக்கதேவதைகள், கற்கள் அதே கற்கள்தான். அங்கே ஏர் பூட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. ஏன் என்று கேட்டால் கன்னிமார் கோபித்துக்கொள்வார்கள் என்பார்கள், அதற்கு மேல் பேச்சு இல்லை. தண்ணீர் அங்கேதான் கிடக்கிறது, கை வைக்காதே என்று நேராகச் சொல்லிப் பழக்கியிருந்தால் பின்னால் கொஞ்சமாவது யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். சாமிக்குப் பயந்தவர்களைச் சாமியிடம் ஒரு பொங்கல் வைத்து மன்னிப்புக் கேட்கவைத்துவிடலாம். தண்ணீரிடம் அப்படிக் கேட்க முடியாது.

ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது நீ புத்தூர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாய். ஊரில் என்ன நடந்தது என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாத வருடங்கள் அவை. இன்றைக்குச் சித்தூர் மதராஸுக்கு வருகிறது என்பார்கள், மறுநாள் நகரியே போய்விட்டது என்பார்கள். அப்போது டவுனிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார், பெயர் எதற்கு. பள்ளிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டு, எல்லை போட வருகிறவர்கள் யார் எந்த நிலத்தை உழுகிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள், தமிழர் உழுத நிலம் தமிழர் பக்கம், உழாமல் கிடக்கிற நிலம் முதலில் கை வைத்தவருக்கு என்றார். அப்படி ஒரு சட்டமே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு யாரும் சந்தேகப்படவில்லை. மணல்மேடு யாரும் உழாத புறம்போக்கு. ஊருக்கு அன்று ராத்திரி தூக்கம் போய்விட்டது.

உன் நைனா அப்படிப் பதறி நான் பார்த்ததில்லை. "மேட்ட அவங்க எட்த்துக்கினா ஏரி நம்மளுதா? நாளைக்கு அவங்க அங்க கெணறு வெட்னா நம்ம ஏரிக்கு இன்னா வரும், மண்ணுதான் வரும்" என்றார். இந்த வார்த்தையை நன்றாகக் கவனி. மேட்டில் கிணறு வெட்டினால் ஏரி வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் வெட்டினால் வராது என்று தெரிந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, அவர்களுக்கு முன்னால் நாம் வெட்டிவிடுவது. நாம் வெட்டினால் மட்டும் எப்படி வரும் என்று கேட்க அன்றைக்கு ஊரில் ஒரு வாய் இல்லை. எனக்கும் தோன்றவில்லை. ஏரியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் எல்லோரும் கடப்பாறையைத் தூக்கினார்கள்.

கன்னிமார் கற்களைப் பெயர்த்து வேப்பமரத்தடியில் வைத்துப் பொங்கல் வைத்தார்கள். எல்லை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றார் பூசாரி. மேட்டை ஆளுக்கு ஒரு பட்டையாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏரிக்கு நேர் மேலே, சரிவின் வாயில் இருக்கிற பட்டை நமக்கு வந்தது, பின்னால் பட்டாவும் என் பெயருக்கே ஆனது. மாணிக்கம்தான் நமக்குக் கிணறு வெட்டினவன். கோரையும் வெள்ளரியும் நம்பியிருந்த வீட்டுக்காரன், கூலிக்கு வந்தான். வெட்ட வெட்ட மணல் சரிந்தது, ஆனால் ஆள் உயரம் இறங்குவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. "தானா வந்துகினே கீது மா, நான் ஒண்ணும் செய்யல" என்று உள்ளே இருந்து கத்தினான். நான் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். மண் சுமந்த எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தோம். எந்த ஊற்றை உடைத்துவிட்டு இவ்வளவு சுலபமாகத் தண்ணீர் வருகிறது என்று ஒருவர் மனதிலும் படவில்லை.

மேட்டின் அந்தப் பக்கத்து ஊர் நாகய்யாவை உனக்குத் தெரியும். உன் நைனாவின் சினேகிதர். நம் மாடு நொண்டினால் அவர் மாடு வரும், அவர் வீட்டுக் கல்யாணத்தில் நம் வீட்டு அண்டாவில் சோறு வேகும். அவர்களும் அதே மாதத்தில் அந்தச் சரிவில் வெட்ட ஆரம்பித்தார்கள். அவர்களிடம் யாரோ ஒருவர் ஜீப்பில் வந்து அதே கதையைத் தெலுங்கில் சொல்லியிருக்கிறார். உன் நைனாவும் நாகய்யாவும் அவரவர் கிணற்று மேட்டில் நின்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், பேசமாட்டார்கள். ஒரு கோடையில் மேடு முழுக்கக் கிணறு. உழுததைக் காட்டவேண்டும் என்பதற்காகத் தேவையே இல்லாமல் கிணற்றில் கவலை ஏற்றம் பூட்டி, மாட்டை முன்னும் பின்னும் நடக்கவிட்டு இறைத்தார்கள். யாராவது அதிகாரி வந்தால் பச்சையாகத் தெரியவேண்டுமாம். ஒரு அதிகாரியும் வரவில்லை.

அடுத்த மார்கழியில் ஏரி லேசாகத்தான் வந்தது. மழை போதாது என்றார்கள். அதற்கடுத்த வருடம் நல்ல மழை, வீட்டுச் சுவரெல்லாம் ஊறியது. மார்கழி போனது, தை போனது, பள்ளத்தில் ஈரம்கூட இல்லை. ஒரு நாள் நாகய்யா கரையேறி வந்தார். வெகுநாள் கழித்து நம் வாசலுக்கு வந்தவர் உட்காரவும் இல்லை. "ஏமய்யா, மன செருவு ஏதி?" என்று கேட்டார். செருவு என்றால் ஏரி. நம்ம ஏரி எங்கேய்யா என்று கேட்டார், உங்க ஏரி என்று கேட்கவில்லை. உன் நைனா தலையைக் குனிந்துகொண்டார். நான் மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் எல்லையும் முடிவானது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது நீதான். கோடு திருத்தணிப் பக்கம் எங்கேயோ போய்விட்டது, நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாமும் ஆந்திரா, நாகய்யாவும் ஆந்திரா, மேடும் ஆந்திரா, ஏரியும் ஆந்திரா. நீ தெலுங்கு படிக்கவேண்டுமே என்ற கவலையில் இருந்தாய். உன் நைனா வெளியே போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிடப் போனேன். "எவனுக்குப் போட்டியா வெட்னோம்னே தெரிலடி. அவனும் நானும் ஒரே தாலுக்கா" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த ஜீப்காரரைத் திட்டவில்லை, யாரையுமே திட்டவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. வாய் ஓயாத மனுஷன் அவர்.

கிணறுகளை மூடிவிடலாம் என்று அவர்தான் முதலில் பேச்சை எடுத்தார். இரண்டு ஊரும் மரத்தடியில் கூடியது. முதலில் அவர்கள் மூடட்டும் என்றது நம் ஊர். முந்து மீரு மூயண்டி, முதலில் நீங்கள் மூடுங்கள் என்றது அவர்கள் ஊர். அதற்குள் கிணறு வைத்தவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் ருசி கண்டுவிட்டது. ஏரி வந்தால் எல்லோருக்கும், கிணறு என்றால் தனக்கு மட்டும். மூடத் துணிந்த ஒரே ஆள் உன் நைனா, அவரும் எல்லோரும் மூடினால் நானும் மூடுகிறேன் என்று நின்றுவிட்டார். நாம் மட்டும் ஏமாளியாக வேண்டுமா என்று அன்றைக்கு நானும் அவருக்கு ஒத்து ஊதினேன். அப்படியே பேசிப் பேசி நாள் போனது. காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. படுத்திருக்கும்போதும் ஏரி வந்ததா என்றுதான் கேட்டார். வந்தது என்று பொய் சொன்னேன். நம்பின மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் போன பிறகு நம் கிணற்றில் நான் கவலை பூட்டவில்லை. மாட்டையும் விற்றுவிட்டேன். சோம்பேறித்தனம் என்று நீ நினைத்தாய், சொல்லவும் செய்தாய். நம் கிணறு சரிவின் வாயில் இருக்கிறது. மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் நம்மைத் தாண்டித்தான் ஏரிக்குப் போகவேண்டும். இறைக்காமல் விட்டபிறகு போன தை மாதம் பள்ளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மாசி வரைக்கும் நின்றது. மாணிக்கத்தின் பெண்சாதி நகரித் தறிக்கு நூல் சுற்றப் போகிறவள், ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் கோரை அறுத்தாள். நான் போய் நின்று பார்த்தேன். ஏரி என்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீருக்கு இன்னும் வழி மறந்துபோகவில்லை என்று தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் நீ எஞ்சின் என்று வந்து நிற்கிறாய். மாடு இறைத்தால் மாடு களைத்துப் போகும், மனிதன் தண்ணீர் இறங்குவதைப் பார்த்து நிறுத்துவான். எஞ்சினுக்குக் களைப்பு ஏது. நீ கேட்ட கேள்வி என் காதிலேயே இருக்கிறது. "நாம இறைக்கலன்னா அவங்க இறைக்கப் போறாங்க. அந்தப் பக்கம் ஏற்கெனவே எஞ்சின் ஓடிக்கினு கீது. நீ யாருக்கும்மா காப்பாத்தி வெக்கிறே?" என்றாய். நீ வாதாடினால் நீதான் ஜெயிப்பாய். நாகய்யாவின் மகன் எஞ்சின் போட்டுவிட்டான், இன்னொருவரும் போட்டுவிட்டார், இங்கே உட்கார்ந்திருந்தால் டுபுடுபுவென்று எனக்கே கேட்கிறது. ஆனால் இதே பேச்சைத்தான் அந்த ஜீப்காரரும் பேசினார். நாம் செய்யாவிட்டால் அவர்கள் செய்வார்கள் என்று சொல்லித்தான் இரண்டு ஊரும் ஒரு கோடையில் ஒரு ஏரியைக் குடித்துத் தீர்த்தது. உன் நைனா நல்லவர், புத்திசாலி, அவரே அதில் விழுந்தார். நீயும் விழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அம்மா நாலு வார்த்தை சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வருகிற பெண்ணை முதல் நாளே ஏரிக்கு அழைத்துப் போய்க் காட்டு, அது காய்ந்து கிடந்தாலும் காட்டு, எதனால் காய்ந்தது என்று சொல். அவள் அழுதால் சிரிக்காதே. அவள் அப்பா கொடுக்கிறதை வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் வராது என்றால் என் மேல் பழியைப் போடு, கிழவி பிடிவாதக்காரி என்று சொல், எனக்கு ஒன்றும் ஆகாது. திருப்பதி வேலையை விடாதே. இந்த ஊரில் இனி விவசாயம் செழிக்கும் என்று உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஒருவனுக்கு மட்டும் செழிக்கலாம், அதுவும் மேட்டில் ஈரம் இருக்கிற வரைக்கும்.

கடைசி விஷயத்தை முதலிலேயே எழுதியிருந்தால் நீ மேற்கொண்டு படித்திருக்க மாட்டாய். நம் கிணறு இப்போது இல்லை. மாணிக்கத்தையும் அவன் ஆட்களையும் கூப்பிட்டுத் தூர்த்துவிட்டேன். முதலில் அவன் மண்வெட்டியைத் தொடவில்லை. "தம்பி வந்து கேட்டா நான் இன்னா மா சொல்றது?" என்றான். அம்மா சொன்னாங்கன்னு சொல்லு என்றேன். வெட்டிய மண் கரையிலேயே கிடந்தது, அதையே உள்ளே தள்ளினார்கள். நானும் கூடை தூக்கினேன், முழங்கால் விடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து நாகய்யா வந்து நின்று பார்த்தார். பிறகு திரும்பிப் போனார். சாயங்காலம் அவர் மகனின் எஞ்சின் வழக்கம்போல ஓடியது.

நிலம் என் பெயரில் இருக்கிறது என்ற திமிரில் செய்யவில்லை. உன்னைக் கேட்டிருக்கவேண்டும். கேட்டிருந்தால் உன் முகத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருப்பேன், அதனால் கேட்கவில்லை. எஞ்சின் ஏற்றிய வண்டி வந்தால் இறக்க இடம் கிடையாது, உன் மாமனாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. இந்த வருடம் ஏரி வரும் என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. வராமலே போகலாம். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாமலும் நீ இருக்கலாம். இரண்டில் ஒன்றாவது மிஞ்சவேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டும் போனாலும் போகும். அதையும் யோசித்துவிட்டுத்தான் மண்ணைத் தள்ளச் சொன்னேன்.

உன் அம்மா